காவிரிப் பாலத்தில் நூற்றுப் பன்னிரண்டு

மண்ணச்சநல்லூர்க் கல்யாணத்துக்குப் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறுகிறது. சர்க்கரை அளவு பார்க்கும் நேரம். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மஜீதா வழக்கம்போல் துப்பட்டாவை விரித்து மகளை மறைக்கிறாள். "விடும்மா, காத்து வரட்டும்" என்று அதை ஒதுக்கிவிட்டு, பத்து வயது சம்ரீன் முதல்முறையாகத் தன் விரலில் தானே ஊசியைக் குத்திக்கொள்கிறாள். ஆற்று வெயிலில் ரத்தத்துளி மாதுளை முத்தாக மின்னுகிறது. "நூத்திப் பன்னெண்டு! பிரியாணி உண்டு!" பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல் மீட்டரைத் தூக்கிக் காட்டுகிறாள். பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருக்கும் அம்மாள், "புள்ளைக்கு என்னங்க?" என்கிறார். லேசான காய்ச்சல் என்ற பழைய பொய் மஜீதாவின் நாக்கு நுனிவரை வருகிறது. அதை விழுங்கிவிட்டு, கண்டக்டரே திரும்பிப் பார்க்கும் குரலில் சொல்கிறாள்: "சுகருங்க. நாலு வருஷமா இருக்கு. இன்னைக்கு அவளே குத்திப் பாத்துக்கிட்டா!"