நாலு விரல் மடிப்பு

"பிரிங்கன்னா பிரிங்க! டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே கிடுகிடுன்னு வளந்துடுவா."

என் மனைவி கத்திரிக்கோலை என் கையில் திணித்தாள்.

தையல் மெஷின் மேல் வாண்டுவின் நீளக் கவுன் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மகளுக்காக நானே தைத்தது. வளர்கிற பிள்ளையாயிற்றே என்று அடியில் நாலு விரல் துணியை உள்ளே மடித்து வைத்திருந்தேன். எந்தத் தையல்காரனும் அப்படித்தான் செய்வான்.

மடிப்பு அப்படியே இருக்கிறது. பிள்ளை வளரவில்லை.

சிறுநீரகத்தில் அழற்சி. மாத்திரையில் கன்னம்தான் உப்பியது. உயரம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ஏழாம் வகுப்புக்காரிக்குப் பஸ்ஸில் இன்னும் அரை டிக்கெட்தான் கிழிக்கிறார்கள். அந்தக் கண்டக்டரை அவள் முறைக்கிற முறைப்பு இருக்கிறதே! வாண்டு என்ற பெயர் அதில் வந்தது.

இன்று காலை டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். சிறுநீரகத்தில் ஊசி போட்டு எடுத்த சதையைப் பரிசோதித்த ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. அழற்சி வந்தால், புண்ணை ஆற்றுவதற்காக, 'வளரு' என்று உடம்பே ஒரு சேதி அனுப்புமாம்; வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயராம். ஆறியதும் அது வாயை மூடிக்கொள்ள வேண்டும். இவளுக்கு மூடவே இல்லை. வளரு, வளரு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வளர்வதெல்லாம் தழும்பு. தழும்பு பரவப் பரவ சிறுநீரகம் செத்துக்கொண்டே வரும்.

வாண்டு என் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மருந்து வாங்கப் போயிருந்த என் மனைவி அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் காதில் விழுந்தது டாக்டரின் கடைசி வாக்கியம் மட்டும்.

"வளர்ச்சிக் காரணி ரொம்ப அதிகமா இருக்கு."

அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தாள். டாக்டர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வழியெல்லாம் அவளுக்கு வாய் ஓயவில்லை. எத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறாள்! பாவி, நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

மடிப்பைப் பிரித்தேன். வெளித்துணி துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. உள்ளே இருந்த நாலு விரலும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த அதே நீலம்.

வாண்டு உள்ளே போய்க் கவுனை மாட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணப் பெண் மாதிரி மெல்ல மெல்ல நடக்கிறாளே என்று என் மனைவி கேலி செய்தாள். துணி தரையில் புரளப் போகிறது. அப்போது உண்மையைச் சொல்லித்தான் தீர வேண்டும்.

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வாண்டுவின் முன்னால் மண்டி போட்டேன்.

ஒரு விரல் அளவுதான் புரண்டது.

"பாத்தீங்களா! நான் சொல்லலே?" என் மனைவி கைதட்டினாள். கைதட்டிக்கொண்டே அழுதாள்.

நான் கவுனின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன்.

குதிகால் இரண்டும் தரையில் இல்லை. கால்விரல்கள் மட்டும் ஊன்றி, கெண்டைக்கால் நடுங்க நின்றிருந்தாள் என் மகள்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காமல் குனிந்து சொன்னாள்.

"சீக்கிரம் ஊசி குத்துப்பா. கால் வலிக்குது."