எல்லோருக்கும் ஒரே ஜோடி

புற்றுநோய்ப் பதிவேட்டு அலுவலகத்தில் ஒரு வழக்கம். நோய் வந்த ஒவ்வொருவருக்கும், அதே வயதில் நோயில்லாத ஒருவரைக் கணினி குலுக்கலில் எடுத்து ஜோடி சேர்க்கும். இருவரையும் ஒப்பிட்டால்தான் நோயின் காரணம் பிடிபடும். பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான்.

ஓர் எண் மட்டும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. முப்பது வயதுக்காரருக்கும் அதுவே ஜோடி, எண்பது வயதுக்காரருக்கும் அதுவே. யாராக இருக்கும் என்ற கேள்வி அங்கே ஆய்வாளராக இருந்த பெண்ணின் மண்டையைக் குடைந்தது.

"வேலைவெட்டி இல்லாத ஆளு போல. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்துடுறாரு" என்று சிரித்தார் பக்கத்து மேசைக்காரர்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோண்டித் துருவிப் பார்த்தாள். அந்த எண்ணோடு சேர்ந்த நோயாளிகளில் ஒருவர்கூடச் சாகவில்லை. இருந்தாலும் தப்பு தப்புதானே என்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த எண்ணை நீக்கினாள்.

சாப்பிட்டுத் திரும்பியபோது அவள் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பார்த்தால் முப்பது வயது சொல்லலாம், மறுபக்கம் எண்பது. ஓடி வந்தவர்போல மூச்சு வாங்கியது.

"என்னை எதுக்கும்மா நீக்கினீங்க?" என்றார், கோபமே இல்லாமல். "அங்க நோயாளிங்க எல்லாரும் தனியா இருக்காங்களே."