மூன்றாவது பாட்டில் ஒரு சிரிப்பு

யாரும் சீண்டாத ஒரு தவில்–கிளாரினெட் ஆல்பத்தைப் பற்றி, இசை ரசிகர்களின் இணையக் குழுவில் சுகிர்தா எழுதினாள். மூன்றாவது பாட்டின் உச்சத்தில் யாரோ அடக்கமாட்டாமல் சிரிக்கிறார்கள், அதற்காகவே கேளுங்கள் என்றாள்.

"ரெக்கார்டிங் கோளாறைப் போய்ப் பாராட்டுறீங்களே!" என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள்.

"கோளாறு இல்லைங்க, சந்தோஷம்" என்று விடாமல் பதில் போட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது, குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தாள். "சிரிச்சது நான்தாம்மா. தவில் குழந்தைவேலு. கிளாரினெட் என் சம்சாரம் ரஞ்சிதம். ஒத்திகையில இல்லாத ஒரு சங்கதியை அன்னைக்குத் திடீர்னு போட்டா, எனக்குத் தாங்கல. ஆல்பம் விக்காததுக்கு என் சிரிப்புதான் காரணம்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சுகிர்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை இன்னொரு முறை படித்துக்கொண்டிருக்கையில், அடியில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. ரஞ்சிதம்தான் பேசினாள்.

"காலையிலேருந்து தவிலை இறக்கி வைக்க மாட்டேங்கிறாரு. புதுசா ஒண்ணு வாசிக்கிறோம். எப்படி இருக்குன்னு நீயே எழுது கண்ணு."

கிளாரினெட் மெல்ல எழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். சுகிர்தா சத்தத்தைக் கூட்டினாள்.