ஒண்ணுன்னா ஒண்ணுதான்

"ஒரு ஓட்டு விழுந்தா ரெண்டுன்னு காட்டணும், அவ்வளவுதான்" என்றார் கட்சிச் செயலாளர்.

"ஒண்ணு விழுந்தா ஒண்ணுதான் சார் காட்டும்" என்றார் மென்பொருள் ஆலோசகர், மடிக்கணினியிலிருந்து நிமிராமல்.

நடிகர் ஒருவர் தொடங்கிய புதுக் கட்சி அது. 'மக்கள் மனதில் யார்?' என்று செல்போனில் வாக்கெடுப்பு நடத்த ஒரு செயலி கேட்டார்கள்; ஆலோசகரும் செய்து கொடுத்தார். நடிகருக்குக் கிடைத்தது மூன்றாவது இடம்.

"தேர்தல் நேரத்துல இதை வெளியிட்டா மானம் கப்பலேறிடும்யா! சின்ன மாத்தம்தானே? போன வாரம் பட்டன் கலரை மாத்தலையா?"

"அது கலர். இது கள்ள ஓட்டு. தப்பைத் திருத்தத்தான் நான் வந்தேன். தப்பை எழுதிக் கொடுக்க மாட்டேன்."

"ப்ராஜெக்ட் கையை விட்டுப் போயிடும்."

"தாராளமா போகட்டும்."

செயலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "புரிஞ்சுபோச்சு! நீ எதிர்க்கட்சி ஆளு. எங்க தலைவர் படம் ஒண்ணாவது தியேட்டர்ல பார்த்திருக்கியா?"

ஆலோசகர் மடிக்கணினியை மூடினார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரை சுருட்டினார். கல்லூரி நாளில் குத்திக்கொண்ட பச்சை; முன்னங்கை நிறைய அந்த நடிகரின் முகம்.

"எல்லாப் படமும் முதல் நாள், முதல் காட்சி. என் தலைவன் கள்ள ஓட்டு போட்டாத்தான் ஜெயிப்பான்னு நினைக்கிற நீங்கதான் சார் எதிர்க்கட்சி!"