மூன்றாவது இடம்

மாட்டுங்கா கம்ப்யூட்டர் வகுப்பில் யூனிக்ஸ் தேர்வு விடைத்தாள்களைச் சங்கரன் சார் மேசையில் வீசினார்.

"பத்தொன்பது பேர் இருபதுக்கு இருபது. மாரிசெல்வி மட்டும் பன்னிரண்டு. தாராவில தையல் மெஷினை மிதிச்சுண்டு இருக்காம, நீ எதுக்கு இங்க வந்தே?"

முழு மதிப்பெண் வாங்கியவர்கள் முழு மனதோடு சிரித்தார்கள்.

"ஃபைல் பர்மிஷன்ல எட்டு கேள்வியையும் கோட்டை விட்டிருக்கே. யார் ஃபைலைத் தொடலாம்னு சொல்ற மூணு இலக்கத்துல முதல் இடம் ஓனருக்கு, ரெண்டாவது குரூப்புக்கு, மூணாவது வெளியாளுக்கு. வெளியாள்னா உன்னை மாதிரி. இதாவது மண்டைல ஏறித்தா?"

"ஏறிருச்சு சார். நாலுன்னா படிக்கலாம், ரெண்டுன்னா எழுதலாம்."

"தப்பு! நாலுதான் எழுதறதுக்கு. மத்தவா எல்லாரும் அப்படித்தானே எழுதியிருக்கா?"

"சிஸ்டத்துலயே மேனுவல் இருக்கு சார். ஒரு தடவ பாருங்க." கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்.

இளக்காரமாகத் திறந்து படித்தவர் திரும்பவும் படித்தார். நாலு என்றால் படிக்கத்தான்.

"அப்போ இவா பத்தொன்பது பேரும் எப்படி ஒரே தப்பைப் பண்ணா?"

"உங்க விடை ஃபைலைப் பாத்து எழுதுனாவ சார். அதை வெளியாளும் திறக்கலாம். நீங்க தடுக்கவே இல்லையே."

சார் பதறிப்போய்த் தன் விடை ஃபைலைத் திறந்தார். எட்டு பதில்களும் மேனுவலில் உள்ளபடியே சரியாக இருந்தன. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூடம்! என் ஃபைல்ல சரியாத்தானே இருக்கு?"

"வெளியாள் எழுதவும் அனுமதி இருந்துச்சு சார். இப்பதான் திருத்தி வச்சேன்."