கமிஷன் கேட்காத தரகன்

"உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், யாரும் மெஷினைத் தொடாதீங்க!"

மேசைக்கு அடியிலிருந்து நெட்வொர்க்காரர் அலறினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில் லேப்டாப், அதிலிருந்து ஒரு கேபிள் சுவர்ப்பெட்டிக்குள் இருந்த நெட்வொர்க் சுவிட்சுக்குப் போனது.

வணிகர் சங்கத்தின் இரண்டாம் மாடியில் அத்தனை ஓட்டு மெஷின்களும் 'இணைப்பு இல்லை' என்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. பழைய அங்காடியை விற்க உறுப்பினர்களுக்குச் சம்மதமா என்று பன்னிரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். தாண்டினால், வாங்குகிறவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

"கையைத் தூக்கி எண்ணிடலாமே?" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"போன தடவை தூக்கின கை சும்மாவா இறங்குச்சு? எனக்கு முன்பல்லே போச்சு!" என்றார் சங்கத் தலைவர். "அதனாலதானே மெஷின் ஓட்டு மட்டும்தான் செல்லும்னு விதி போட்டோம்?"

அவர் குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, நேத்து நல்லாத்தானே ஓடுச்சு? என்ன கோளாறு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"மெஷினை ஆன் பண்ணினதும், 'யாராவது எனக்கொரு நம்பர் குடுங்க'ன்னு கூவும் தலைவரே. நம்பர் இருந்தாத்தான் ஓட்டு போய்ச் சேரும். அதைக் குடுக்கிற சர்வர் கம்ப்யூட்டர் கீழ் மாடியில இருக்கு. இங்க கூவுறது அங்க கேக்காது. இந்தச் சுவிட்ச்தான் நடுவுல நின்னு, கூவலைப் பிடிச்சு, 'இது ரெண்டாம் மாடிச் சரக்கு'ன்னு தன் விலாசத்தை ஒட்டிக் கீழே அனுப்பணும். பதிலையும் இதுதான் வாங்கி மெஷினுக்குக் குடுக்கணும்."

"தரகன்னு சொல்லு!"

"தரகனேதான். கமிஷன் கேக்காத தரகன்."

"அதான் வேலை செய்யலை," என்றார் பாத்திரக்கடைக்காரர். கூடமே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"அப்ப மெஷினையெல்லாம் தூக்கிட்டுப் போய் சர்வர் பக்கத்துலயே வச்சிடலாமே?"

"ஐயையோ! சீல் வச்ச மெஷின் தலைவரே. இடம் மாத்தினா, ஓட்டு செல்லாதுன்னு எவனாவது கேஸ் போடுவான். கொஞ்சம் பொறுங்க!"

கீழே தெருவில் அங்காடியின் வாடகைக் கடைக்காரர்கள் கூடி, மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சங்கத்தில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. விற்றால் அங்காடி இடிபடும். அவர்கள் பாடு நடுத்தெருதான்.

"இன்னிக்கு ஓட்டு நடக்கலைன்னா இந்த ஊர்ல ஒரு பய உனக்கு வேலை குடுக்க மாட்டான்!" தலைவர் பல்லைக் கடித்தார், அதாவது, மிச்சமிருந்த பல்லை.

நெட்வொர்க்காரர் சுவிட்சை அணைத்துப் போட்டார். கேபிளை உருவினார், ஊதினார், மறுபடி செருகினார். கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணில் நீரே வந்துவிட்டது.

கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஒன்றாய்ச் சேர்ந்தன. சற்றைக்கெல்லாம் தலைவரின் போன் அடித்தது. கேட்டவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"போச்சு. வேற இடத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டானாம்."

"கண்டுபிடிச்சுட்டேன்!" மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "சர்வர் எங்க இருக்குன்னு சுவிட்சுக்குச் சொல்ற வரியையே காணோம்!"

ஒரே மூச்சில் ஒரு வரியைத் தட்டினார். மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பச்சை காட்டின.

"சந்தை கலைஞ்சப்புறம் தராசு எதுக்குடா? என் கண்ணு முன்னால நிக்காதே, போ!" என்று கத்தினார் தலைவர்.

நெட்வொர்க்காரர் கேபிளைச் சுருட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி படியிறங்கினார். திருப்பத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அக்கா, உன் கடையை இடிக்க மாட்டாங்க, அந்த வரியைக் காலையில நான்தான் அழிச்சேன்."