லாக்கில் வந்த வண்டி

பத்தடி பின்னால் எடுத்ததும் வண்டிக்கு அடியில் டங்கென்று ஒரு சத்தம். அதுவரை அடம்பிடித்த, நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் சின்ன கியர், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு விடுபட்டது.

அவள் எஞ்சினை அணைத்தாள். சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

பதினோரு வருடமாக இந்த மலையடிவாரக் கொட்டகையில் ஜீப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள். இதெல்லாம் ஒரு ரிப்பேரா என்று சிரிப்புத்தான் வந்தது.

வண்டி ராசாங்கம் ஐயாவுடையது. மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். வண்டிக்கு இருபத்தாறு வயது, அவருக்கு அறுபத்தெட்டு. இன்று அதைக் கொண்டுவந்திருப்பவன் அவருடைய இளைய மருமகன். எப்போதும் மாமனாருக்குப் பக்கத்து சீட்டில் போனை நோண்டிக்கொண்டே வந்து போகிறவன்.

ஸ்டியரிங் கல்லாக இருக்கிறதாம். வளைவில் வண்டி திக்கித் திக்கிக் குதிக்கிறதாம். சீக்கிரம் கோயம்புத்தூர் போக வேண்டுமாம்.

அவள் வலது முன்சக்கரத்தின் அருகே குந்தினாள். சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திருகு. மேலே செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. அம்புக்குறி லாக்கில் நின்றது.

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"ரெண்டு நிமிச வேல தம்பி. நாலு சக்கரமும் இழுக்குற மாதிரி போட்டுட்டு தார் ரோட்டுல ஓட்டியிருக்கீங்க, முறுக்கிக்கிச்சு. இந்தத் திருகு மலைக்கு ஏறுறப்ப லாக்ல இருக்கணும். தார் ரோட்டுக்கு வந்துட்டா ஃப்ரீ. இதப் பாத்தாலே வண்டி எங்க போகுதுன்னு சொல்லிரலாம்."

அவன் குனிந்து பார்த்தான். கவனமாகத்தான் பார்த்தான்.

அவள் திருகைத் திருப்பினாள். மண் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"ஐயா வரலியா?"

"வந்தாரேக்கா. மேலருந்து அவருதான் ஓட்டிட்டு வந்தாரு. பஸ் ஸ்டாப்புல வண்டிய எங்கிட்டக் குடுத்துட்டு மதுர பஸ் ஏறிட்டாரு."

சரி என்று தலையாட்டிவிட்டு இடது சக்கரத்துக்கு நகர்ந்தாள்.

கை திருகுக்கு அருகில் போய் நின்றுவிட்டது.

அதுவும் லாக்.

மேலே மண் கலையாமல் இருந்தது. ஒரு விரல்கூடப் பட்டிருக்கவில்லை.

தார் ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம். அதைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் வந்தால்தான் பஸ் ஸ்டாப். மழை கொட்டினாலும் ராசாங்கம் ஐயா அந்த மரத்தடியில் நிறுத்துவார். இறங்குவார். முதலில் வலது, பிறகு இடது. திருப்பிவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவார். போன வருடம் தேள் கொட்டி ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றும், ஊதிப்போன காலை இழுத்துக்கொண்டு இறங்கித் திருப்பிவிட்டுத்தான் வந்தார். அந்த மனுஷனின் கிறுக்கைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்திருக்கிறாள்.

பக்கத்து சீட்டில் இருந்தவன் ஒரு நாளும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தோட்டத்த வித்துருங்க, வித்துருங்கன்னு சின்ன மாப்பிள்ள உசுர வாங்குறாம்மா." போன வாரம் இதே இடத்தில் டீ குடித்தபடி ஐயா சொன்னார். அதற்கும் அவள் சிரித்தாள்.

அவர் ஓட்டி வந்திருந்தால் இரண்டு திருகும் ஃப்ரீயில் இருந்திருக்கும்.

அவர் கீழே வரவே இல்லை. மேலேதான் இருக்கிறார். எப்படி இருக்கிறார் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மணி இரண்டரை. நாலு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும். பிறகு பக்கத்தில் கிடந்தாலும் ஆள் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன் கீழே பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி. அவர்கள் கிளம்பி வருவதற்குள் இருட்டிவிடும். மேலே போகிற வழியில், இரண்டாவது வளைவில் ஜீப் ஸ்டாண்டு. நாலைந்து டிரைவர்கள் எப்படியும் இருப்பார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள். யாரையாவது ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

இடது திருகைத் தொடாமல் எழுந்தாள்.

அவன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகக் கழுவிக்கொண்டிருந்தான்.

அவள் வலது பக்கம் போய், திருப்பியதை மறுபடியும் லாக்குக்குத் திருப்பினாள். சத்தம் வராமல் இருக்க மேலே துணியைப் போட்டுக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சு தம்பி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துர்றேன். நீங்க டீ சாப்பிடுங்க."

குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"சரிக்கா" என்றான். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் எடுத்தபோது சீட்டின் நுனிக்கு நகர்ந்து சமாளித்திருந்தாள்; சாய்ந்து உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. ஐயா அவளைவிடக் குட்டையானவர். யாரோ சீட்டைக் கடைசிவரைக்கும் பின்னால் தள்ளியிருந்தார்கள். முன்னால் இழுத்துப் போட்டாள்.

சாவியைத் திருகினாள். வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

அவன் டீக்கடைப் பக்கம் போகவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து, வலது சக்கரத்தின் அருகே குனிந்தான்.

தலை மட்டும் தெரிந்தது.

நிமிர்ந்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனான். அங்கேயும் குனிந்தான். இந்தத் தடவை ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு கதவைத் திறந்து, வழக்கமாக அவன் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கட்டைவிரலில் செம்மண். கதவைச் சாத்தினான். போனை வெளியே எடுக்கவில்லை.

"மேலதான போறோம், அக்கா?"